தொண்ணூறு மைல் கடற்கரையில் இராகுகாலம்

சிவமயம்

கிளென் ஈடன்,
ஒக்லாந்து.
2.11.1997

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் மகேசன் அவர்களுக்கு,

இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் ஏரம்பமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி ரதிதேவியும் மகள் கிருசாந்தியும், எனக்கு வந்திருக்கும் தடிமனும் இடுப்புப் பிடிப்பும் நீங்கலாக, இறைவன் அருளால் சுகமாக இருக்கிறோம். வெள்ளவத்தையில் தாங்களும் சாந்தகுமாரி அம்மாவும் இவ்விரண்டு நோயும் இல்லாமலே சுகமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் மகன் யசீகரன் தம்பியும் நலம். இந்த ஒரு வசனத்தை எழுதுவதற்காக நேற்று பஸ் ஏறி கிளென்ஃபீல்டுக்குப் போய் அவரை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். கை, கால், தலை எல்லாம் உரிய இடத்தில் உள்ளன.

செப்டெம்பரில் தாங்கள் எழுதிய கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை இப்போதும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எடுத்து அனுப்பிய படத்தில் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றதையும், அது யாருடையது என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டதையும், தம்பி இரண்டு தரம் இருமிவிட்டு ‘என்னுடையது’ என்று சொன்னதையும், அன்றிலிருந்து சாந்தகுமாரி அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும், மோட்டார் சைக்கிள் போனால் ஒழியத் தை மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் வைக்கப்போவதில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தும் இருந்தீர்கள். முப்பத்தொரு வருடம் புகையிரதங்களை நேரத்துக்கு அனுப்பிவைத்த எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளை வீட்டை விட்டு அனுப்புவது பெரிய காரியமா என்றுதான் நானும் நினைத்தேன்.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மோட்டார் சைக்கிள் நிற்பது எங்கள் கராஜில். கிளென்ஃபீல்டில் தம்பி சிநேகிதர் இருவரோடு இருக்கும் வீட்டில் கராஜ் இல்லையாம், அதனால் இங்கே நிற்கட்டும் என்று கிருசாந்தி சொன்னாள். கிளென்ஃபீல்ட், ஒக்லாந்துத் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென் ஈடன் இந்தப் பக்கம், இரண்டுக்கும் இடையில் முக்கால் மணித்தியால ஓட்டம். வாகனத்தை ஒரு ஊரிலும் தன்னை ஒரு ஊரிலும் வைத்திருக்கும் ஒருவர் எப்படி வேலைக்குப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்ததுதான். சம்பந்தம் பேசும் நேரத்தில் இப்படியெல்லாம் கேட்டால் துருவித் துருவிக் கேட்கிறேன் என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

தங்கள் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டு முடியும் வரை பொறுத்திருந்து, “தம்பி, அப்பா அம்மாவின்ர மனத்தை நோகப்பண்ணாமல் உந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போடும்” என்று பக்குவமாகச் சொன்னேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை, கிருசாந்தியைப் பார்த்தார். என் மகள் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் ரதிதேவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். “அப்பா, ஒருநாளும் ஏறிப் பார்க்காத சாமானை வில்லுங்கோ எண்டு சொல்லாதேங்கோ. லேபர் டேக்கு மூண்டு நாள் லீவு வருது. இவர் உங்களை ஏத்திக்கொண்டு வடக்கு முனை மட்டும் போய் வருவார். வந்த பிறகும் வில்லுங்கோ எண்டு சொன்னீங்களெண்டா விக்கிறது” என்றாள். “நானோ?” என்று தம்பி கேட்டார். முகம் வெளிறிவிட்டது. மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதில் இருக்கும் மரியாதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு கிழமை பிள்ளைகள் இருவரும் பின்னேரங்களில் ஆல்பனிப் பக்கம் காற்று வாங்கப் போய்வந்தார்கள். தம்பி ஒவ்வொரு முறையும் முழங்கையில் ஒரு புது பிளாஸ்டரோடு திரும்பி வந்தார்.

ஆக, ஒக்டோபர் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை புறப்பட்டோம். சனிக்கிழமை இராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நான் எட்டு மணிக்கே திருநீறு பூசி, இரண்டு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போட்டு, மங்கித் தொப்பிக்கு மேல் தலைக்கவசத்தை அழுத்தி, பஞ்சாங்கத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். கிருசாந்திக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் லீவு கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்திலும் அவள் கராஜில் குந்தியிருந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, சங்கிலியை இழுத்துப் பார்த்து, தம்பியின் காதுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். பிறகு மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியைத் தடவி, “கவனம்” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று விளங்கவில்லை. எங்கள் தெரு முனைக்குள்ளேயே இயந்திரம் நான்கு தரம் நின்றது. “பெரியவை பின்னாலை இருந்தா இது கொஞ்சம் கூச்சப்படும் மாமா” என்றார் தம்பி. எனக்கு அவருடைய அடக்கம் பிடித்துக்கொண்டது.

இந்த நாட்டு வடக்கைப் பற்றித் தங்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கு என்றால் குளிர் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வடக்கே போகப் போக வெக்கையாம், தெற்கிலேதான் பனியாம். சரி என்று ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினால் அடுத்த மேட்டில் மழை. மழைக்கோட்டைப் போட்டால் வெயில். வெயிலுக்கு மங்கித் தொப்பியைக் கழற்றிய உடனே ஆலங்கட்டி விழுந்தது. அதுவும் என் தலையில் மட்டும், ஏனென்றால் கவசத்தைக் கையில் வைத்திருந்தேன். வெல்ஸ்ஃபோர்ட் போவதற்குள் நான்கு தரம் உடுப்பு மாற்றினேன், ஒவ்வொரு தரமும் வீதியோரத்தில், மாடுகள் பார்த்துக்கொண்டு நிற்க. மலைப் பாதையில் வளைவு வரும்போது தான் சாயும் பக்கமே என்னையும் கூடவே சாயச் சொன்னார் தம்பி. விழப்போகும் பக்கம் சாய்வது எந்தப் புத்தியில் சேரும்? அவர் இடப்பக்கம் சாயும்போதெல்லாம் நான் பொறுப்போடு வலப்பக்கம் சாய்ந்து வண்டியை நேராக்கினேன். மலை உச்சியில் நிறுத்திவிட்டுத் தம்பி ஐந்து நிமிடம் புல்லில் படுத்திருந்தார்.

வெல்ஸ்ஃபோர்டைத் தாண்டி ஓரிடத்தில் வண்டி சும்மா நின்றுவிட்டது. தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அரை மைல் நடந்துபோய்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து கிருசாந்திக்கு அழைத்துக் கதைத்துவிட்டு வந்து, தாங்கிக்கு அடியில் ஏதோ ஒரு குழாயைத் திருகினார். வண்டி ஓடியது. அதன் பிறகு எங்கே நின்றாலும் இதே கதைதான். நிற்பார், கூண்டைத் தேடுவார், என் மகளோடு கதைப்பார், திரும்பி வந்து ஏதாவது ஒன்றைத் திருகுவார். என் மகள் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவள், பெற்றோலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அன்பாக நான்கு வார்த்தை கேட்டால் ஆண்பிள்ளைக்குப் புத்தி தெளிகிறது போலும் என்று நினைத்து, இப்படியும் ஒரு மருமகன் கிடைக்கிறாரே என்று கண் கலங்கினேன். தங்கள் வளர்ப்பை மனதாரப் பாராட்டினேன். இதைப் பொய்யாக எழுதவில்லை.

கவகவா என்று ஓர் ஊர். அங்கே கடைத்தெருவின் நட்ட நடுவே தண்டவாளம் போகிறது, சம்பந்தியார். ஒரு பக்கம் இறைச்சிக் கடை, ஒரு பக்கம் பாண் கடை, நடுவே புகையிரதப் பாதை. நான் இறங்கி நின்று கும்பிடாத குறை. அந்த ஊரைத் தாண்டி டெயரி என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடையில் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கத்தால் வந்தோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. மழை விட்டு உச்சி வெயில் அடித்தது. எனக்குத் திசை பிடிப்பது கைவந்த கலை. ஐப்பசி மாத உச்சி வெயில் முதுகில் பட்டால் வடக்கே போகிறோம் என்று அர்த்தம். “முதுகிலை வெயில் படுற பக்கம் விடும் தம்பி” என்றேன். விட்டார். இருபது நிமிடத்தில் இன்னோர் ஊர் வந்தது. அங்கேயும் கடைத்தெருவின் நடுவே தண்டவாளம்! “இஞ்சத்தைய ஊரெல்லாம் இப்பிடித்தான் கட்டியிருக்கிறாங்கள் போல. எவ்வளவு நல்ல நிர்வாகம்” என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். “மாமா, அதே பாண் கடை” என்றார் தம்பி. இந்த நாட்டில் சூரியன் உச்சிக்குப் போகும்போது வடக்குப் பக்கம் நிற்கிறதாம். அறுபத்து நான்கு வருடம் தெற்கே பார்த்த சூரியன் இப்படி என்னைக் கைவிடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அன்று கைத்தாயா என்ற ஊரில் தங்கி, ஞாயிறு காலை நல்ல நேரத்தில் புறப்பட்டு வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசிப் பதின்மூன்று மைலும் சரளைக் கல் வீதி. அங்கே ஒரு வெளிச்சவீடு இருக்கிறது, இரண்டு கடல் வந்து ஒன்றோடொன்று முட்டுகிறது, மற்றபடி மழைப்புகார் மூடிவிட்டதால் நான் பார்த்தது தம்பியின் முதுகை மட்டும். திரும்பும்போது வீதியால் வராமல் கடற்கரையால் வரலாம் என்று தம்பி சொன்னார். தொண்ணூறு மைல் கடற்கரை என்று பெயர். அங்கே மணலே வீதி, வாகனங்கள் ஓடும். விசாரித்தால் அதன் நீளம் ஐம்பத்தைந்து மைல்தானாம். என்னுடைய புகையிரதப் பகுதியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் உள்ள தூரத்தை இப்படி யாராவது எழுதியிருந்தால் வேலை போயிருக்கும்.

ஓர் ஓடை வழியாக மணலுக்கு இறங்கினோம். அப்போது பிற்பகல் மூன்று மணி. இந்த இடத்தில் ஓர் உண்மையை, சாந்தகுமாரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் தாங்கள் மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ஈர மணல் கெட்டியாக இருந்தது. ஒரு சனம் இல்லை. இடப்பக்கம் மணல் மலை, வலப்பக்கம் கடல், நடுவே நாங்கள். தம்பிக்கும் நேர் வீதி என்பதால் தைரியம் வந்து வேகமாக விட்டார். நான் வாய்விட்டுச் சத்தம் போட்டேன். பயத்தில் என்று தம்பி நினைத்து நிறுத்தப் பார்த்தார். “நிப்பாட்டாதேயும், விடும், விடும்!” என்று அவருடைய தோளில் தட்டினேன். ஆயிரக்கணக்கான புகையிரதங்களைக் கொடி காட்டி அனுப்பிவிட்டு மேடையிலேயே நின்றவன் நான். அந்த அரை மணித்தியாலம் நானே போனேன். அவ்வளவுதான்.

நான்கு மணியளவில் மறுபடியும் மழை கொட்டியது. நிறுத்தி, மழைக்கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ரதிதேவி கட்டித் தந்த றொட்டியையும் கட்டைச் சம்பலையும் சாப்பிட்டு, கடல் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மணி நான்கு முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை. தம்பி ஏறிவிட்டார். “நில்லும்” என்றேன். “நாலரைக்கு இராகுகாலம் துவங்கியிட்டுது. ஆறு மணி மட்டும் வெளிக்கிடக் கூடாது.”

“மாமா, நாங்கள் காலமை நல்ல நேரத்திலைதானே வெளிக்கிட்டனாங்கள். இது அதின்ர தொடர்ச்சி.”

“இறங்கிச் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அது தொடர்ச்சியில்லை. நிண்ட ரெயின் திரும்ப வெளிக்கிட வேற அனுமதி வேணும்.”

அவர் இறங்கிவிட்டார், அவ்வளவு நல்ல பிள்ளை. ஆனால் எனக்குத்தான் அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை வந்தது. இந்த நாட்டில் ஒக்டோபர் பிறந்ததும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். சூரியனுக்கும் இராகுவுக்கும் யார் அறிவித்தது? அப்படிப் பார்த்தால் உண்மையான இராகுகாலம் ஐந்தரை முதல் ஏழு வரை. இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்தது. “அப்ப இப்ப இராகுகாலம் இல்லைத்தானே மாமா? கெதியா ஏறுங்கோ.” நியாயமான பேச்சு. ஆனால் நான் கணக்கில் பிழை விட்டிருந்தால்? புது நேரம் சரியென்றால் இப்போது போகக் கூடாது, பழைய நேரம் சரியென்றால் பிறகு போகக் கூடாது. கல்யாண காரியமாக வந்த இடத்தில் ஏன் வீண் பழி என்று நான் இரண்டுக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுத்தேன். நாலரையிலிருந்து ஏழு மணி வரை இருப்பது. தம்பி கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றிலும் தொலைபேசிக் கூண்டு இருக்கிறதா என்று பார்த்தார்.

கடலைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கடல் ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும், மற்றபடி இருந்த இடத்தில் இருக்கும். இங்கத்தைய கடல் மணிக்கணக்கு வைத்து வந்து முழுக் கரையையும் எடுத்துக்கொள்ளும் என்றும், அதற்கென்று அட்டவணை அச்சடித்துத் தூண்டில் விற்கும் கடைகளில்கூட வைத்திருக்கிறார்கள் என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? அட்டவணை என்றால் உயிரை விடுகிற என்னிடம் பஞ்சாங்கம் இருந்தது, அது இருக்கவில்லை.

ஐந்தேகால் போல ஒரு பழைய வண்டியில் இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரி மனிதர் வந்து நின்றார். பெயர் ஹேமி. மீன்பிடித்துவிட்டுத் திரும்புகிறாராம். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழாக்கித் தருகிறேன். “இஞ்ச என்ன செய்யிறீங்கள்? இன்னும் ஒரு மணித்தியாலத்திலை இந்த இடம் கடல்.” நான் அவருக்கு இராகுவைப் பற்றி முதலிலிருந்து விளக்கினேன். தேவர்கள், அமிர்தம், தலை வேறு உடல் வேறாகப் போனது, ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் அவனுடைய ஆட்சி, இப்போது மணிக்கூட்டை மாற்றியதால் எங்களுக்கு வந்திருக்கும் சங்கடம். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, “எங்களுக்கும் இப்பிடிக் கனக்க இருக்கு. போகக் கூடாத நேரமிருக்கு, இடமிருக்கு. ஆனா எங்கட ஆக்கள் கடலுக்கு வெளியிலை நிண்டுதான் அதுகளைப் பார்ப்பினம்” என்றார். அப்போது என் செருப்புக்குள் தண்ணீர் வந்தது.

உடனே வண்டியை இயக்கிக்கொண்டு ஓடலாம் என்று தம்பி சொன்னார். இயந்திரத்தை இயக்கினால்தானே புறப்பாடு, கையால் தள்ளினால் அது வெறும் இடமாற்றம் என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூவருமாக மணல் மேட்டுப் பக்கம் தள்ளினோம். மேலே போகப் போக மணல் இளகி, சக்கரம் அச்சு வரை புதைந்தது. இப்போது நானே, “இராகு கிடக்கட்டும், இயக்கும் தம்பி!” என்று கத்தினேன். இயக்கினார், இன்னும் புதைந்தது. ஹேமி கயிறு கட்டி இழுத்தார், கயிறு அறுந்தது. முழங்காலளவு தண்ணீர் வந்ததும் அந்த மனிதர் என்னைச் சிறுபிள்ளை போலத் தூக்கித் தன் வண்டியில் போட்டார். தம்பி வரவில்லை. கைபிடியைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்றார். நான் கூப்பிட, ஹேமி கூப்பிட, கடைசியில் ஒரு பெரிய அலை விழுத்திய பிறகுதான் வந்தார். பல்லெல்லாம் அடிக்க, “கிருசாந்திக்கு நான் என்னத்தைச் சொல்லுவன் மாமா, கிருசாந்திக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னுடைய சொத்துப் போனதற்குத் தான் அழாமல் என் மகளை நினைத்து அழுகிறாரே என்று நானும் சேர்ந்து அழுதேன். மேட்டில் நின்று பார்த்தபோது ஒரு கைபிடியும் கண்ணாடியும் தெரிந்தன. பிறகு கண்ணாடி மட்டும் தெரிந்தது. பிறகு கடல்தான்.

மறுநாள் காலை ஹேமி வீட்டிலிருந்து கைத்தாயாவுக்கு வந்து பஸ் ஏறி, ஏழு மணித்தியாலத்தில் ஒக்லாந்து வந்து சேர்ந்தோம். வீட்டில் நானே எல்லாவற்றையும் சொன்னேன், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். கிருசாந்தி கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வருங்காலக் கணவரின் பொருள் போனதற்கு இந்தக் காலத்தில் எந்தப் பெண் இப்படி வருந்துகிறாள்?

ஆகவே, சம்பந்தியார் அவர்களே, சுற்றி வளைத்து எழுதினாலும் விடயம் இதுதான். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. விற்கவேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள், கடல் எடுத்துக்கொண்டது, பலன் ஒன்றே. இனிமேல் தங்கள் வீட்டிலோ எங்கள் வீட்டிலோ மோட்டார் சைக்கிள் என்ற பேச்சே இருக்காது என்று இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தன் என்ற முறையில் எழுத்தில் உறுதி தருகிறேன். சாந்தகுமாரி அம்மாவை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். தம்பி தங்கமான பிள்ளை. அவரைப் போல ஒருவரை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து தையிலே நாள் பார்த்து அறிவியுங்கள்.

எல்லோருக்கும் எங்கள் அன்பும் வணக்கமும். அப்பன் விநாயகன் இரு குடும்பத்தாருக்கும் துணை நிற்பானாக.

இங்ஙனம்,
தங்கள் சொல்லை நிறைவேற்றிய மனத்திருப்தியோடு,
க. ஏரம்பமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு ஒரு லொறி வந்து எங்கள் வாசலில் நின்றது. அதில் அந்த மோட்டார் சைக்கிள். திங்கட்கிழமை கடல் வற்றியதும் ஹேமி உழவு இயந்திரத்தால் இழுத்து எடுத்து, கழுவி, மகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி அனுப்பியிருக்கிறார். சாரதி உரிமையாளரின் கையெழுத்துக் கேட்டார். அவர் கிளென்ஃபீல்டில் இருக்கிறார் என்றேன். இல்லையே என்று தாளைக் காட்டினார். உரிமையாளர், கிருசாந்தி ஏரம்பமூர்த்தி, இரண்டு வருடமாக, நாங்கள் இந்த நாட்டுக்கு வருமுன்பிருந்தே. மகள் என் பக்கத்தால் வந்து கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். ரதிதேவிக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன். “கேட்டிருந்தா ஓமெண்டிருப்பீங்களோ அப்பா?” என்றாள். மாட்டேன் என்றுதான் சொன்னேன். மாமியாருக்குத் தெரிந்தால் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து நின்றவளுக்காகத் தங்கள் மகன் ‘என்னுடையது’ என்று சொல்லியிருக்கிறார். கொழும்பில் எப்போதோ மொப்பெட் ஓட்டியதைத் தவிர வேறு பழக்கம் இல்லாத பிள்ளை, அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற என்னையும் ஏற்றிக்கொண்டு இருநூற்றைம்பது மைல் போயிருக்கிறது, சம்பந்தியார்.

ஆகவே மேலே எழுதிய உறுதிமொழியைத் தயவுசெய்து வெட்டிவிடவும். நான்கு நாள் அவள் அதைக் கழற்றிப் பூட்டினாள், நான் டோர்ச் லைட் பிடித்தேன். அது ஓடுகிறது. தங்கள் மகன் இனி அதில் ஏறமாட்டேன் என்கிறார், ஆதலால் தங்கள் நிபந்தனை அவரளவில் முழுமையாக நிறைவேறிவிட்டது. ஓட்டுவது தங்கள் மருமகள். இன்று விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போனாள். நான் கேற்றடியில் நின்றேன், அந்தச் சத்தம் வீதி முடிவில் தேய்ந்து இல்லாமல் போகும் வரை. பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். சாந்தகுமாரி அம்மாவின் பயம் என்னவென்று இன்றுதான் எனக்கு விளங்கியது, அதை அவரிடம் சொல்லுங்கள். அவள் வந்து சேரும் வரை எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனாலும் விற்கச் சொல்லி அவளிடம் நான் கேட்கமாட்டேன். தாங்கள் நாள் வைத்தாலும் கேட்கமாட்டேன், வைக்காவிட்டாலும் கேட்கமாட்டேன்.